என்ஜினுக்குள் இல்லாத பிஸ்டன்

அருண்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "என்ஜினத் தொறந்து பாத்தா உள்ள பிஸ்டனே இல்லம்மா. எவன் கழட்டிக்கினு போனான்னு தெரியல. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாய். "தெரியலப்பா, எத்தினி வருஷம் ஆச்சு" என்றேன். எனக்குத் தெரியும். அதை யாரும் திருடவில்லை. பதினெட்டு வருஷமாக அது என் பீரோவின் கீழ்த்தட்டில், எம்.ஃபில். ஆய்வேட்டின் பிரதிகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. நீ லோடு ஆட்டோ கொண்டுவந்து ஸ்கூட்டரைச் சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போனாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு பிஸ்டன்களைப் பற்றிக் கேட்டாய். ஒன்று அந்தக் காலத்துக் கம்பெனிச் சரக்கு, பெட்டி பிரிக்காதது, ஆனால் முதல் ஓவர்சைஸில்தான் இருக்கிறது. இன்னொன்று இப்போது வார்த்து விற்பது, எல்லா அளவிலும் கிடைக்கிறது. "பிசிக்ஸ் மேடம் நீதான் சொல்லணும், எதப் போடலாம்?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். "கவலப்படாத. இந்த வாட்டி முன்னாடி நின்னு ஹாண்டில இழுக்க யாரும் இருக்க மாட்டாங்க." சிக்னல் சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு இருபத்தைந்து வயதாகிறது, தையில் கல்யாணம். திவ்யாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பௌர்ணமிக் கூட்டமில்லாத ஒரு நாளில் மலையைச் சுற்றி வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வண்டியை எடுத்துப் போனாய். அந்த நேரத்திலும் இப்படி ஒரு வேடிக்கை உன் வாயில் வருகிறதென்றால், அது உன்னை விட்டு ஒரு நாளும் போகவில்லை என்று பொருள். போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

முதலில் பிஸ்டனைப் பற்றி. எனக்குச் சுலபமான பகுதி அதுதான். அந்தப் பழைய கம்பெனி பிஸ்டன் நம் சிலிண்டருக்குள் லொடலொடவென்று ஆடும். ஒவ்வொரு முறை தேயும்போதும் சிலிண்டரைக் கடைந்து துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். நம் சிலிண்டர் ஏற்கெனவே இரண்டாவது ஓவர்சைஸுக்குக் கடைந்தது. முதல் அளவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் உள்ளே புதிதாக ஸ்லீவ் என்கிற இரும்புக் குழாயை இறக்க வேண்டும். அது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாய். கடைசியாகக் கடைந்தபோது அளவு சொன்னவள் நான்.

உனக்கு அப்போது ஏழு வயது. வண்டி ஒரு வருஷத்தில் மூன்று முறை மெக்கானிக் கரீம் பாய் ஷெட்டுக்குப் போய்வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். உன் அப்பா அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பிப்பார். அவர் யார் எது சொன்னாலும் நம்புகிறவர், நான் யாரையும் நம்பாதவள். எங்கள் கல்யாணம் ஓரளவுக்கு இந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பிஸ்டனே மாற்ற வேண்டும் என்று பாய் சொன்னபோது, இந்த முறை நானும் கூட வருகிறேன் என்றேன். "பாய் பாத்துப்பாரு, நீ ஏன் வெயில்ல வந்து நிக்கிற?" என்றார் உன் அப்பா. "அவரு பாத்துக்கிட்டதுதான் தெரியுதே" என்றேன். அந்த வாரம் முழுவதும் வண்டியின் கையேட்டைக் கல்லூரிக்கு எடுத்துப் போய், வகுப்பு இல்லாத நேரத்தில் படித்தேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று அதில் ஓர் எண் அச்சடித்திருந்தது. பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

சிலிண்டர் கடைகிற வேலை பாயிடம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறுமுகம் என்பவரின் லேத் பட்டறைக்கு அனுப்புவார். நாங்கள் மூன்று பேரும் அங்கே போனோம். கம்பெனி பிஸ்டன் அப்போதே கிடைப்பது நின்றுபோய், பாய் வேறோர் இடத்தில் வார்த்த பிஸ்டனை வாங்கி வைத்திருந்தார். ஆறுமுகம் அதைக் கையில் வாங்கி, அளந்து பார்த்துவிட்டு, "இதுக்கு கேப் கொஞ்சம் ஜாஸ்தி வுடணும் பாய்" என்றார்.

"எவ்வளவு?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னது புத்தகத்தில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு. நான் கையேட்டைப் பிரித்துக் காட்டினேன்.

"அது அந்தக் கம்பெனி பிஸ்டனுக்குப் போட்ட கணக்குங்க மேடம். இது வேற வார்ப்பு. சூடாச்சின்னா ஜாஸ்தி ஊதும்."

"அலுமினியம்தானே ரெண்டும்?"

ஆறுமுகம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அரிசின்னா அரிசிதானேன்னு பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் ஒரே தண்ணியா வெப்பீங்க?" என்றார். பாயும் சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார்.

அந்த இடத்தைப் பலமுறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரி. அலுமினியத்தோடு எதை, எவ்வளவு கலந்து வார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சூட்டில் அது விரியும் அளவு மாறும். அதை ஒவ்வொரு ஜூலை மாதமும் முதலாண்டு மாணவிகளுக்குப் பலகையில் எழுதிப் போட்டு நடத்துகிறவள் நான். அவர் இதையே அடுப்படி உதாரணம் இல்லாமல் சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்கலாம். என்னிடம் ஒருவர் சோறு வடிப்பதை வைத்துப் பாடம் எடுக்கிறார், அதற்கு என் புருஷனும் சிரிக்கிறார் என்பதுதான் காதில் விழுந்தது. "கேப் ஜாஸ்தி வுட்டா சீக்கிரம் தேயும், ரெண்டு வருஷத்துல திரும்ப உங்ககிட்டயே வருவோம். அதுக்குத்தானே?" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க மேடம். நீங்க சொல்ற அளவே கடையறேன். ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். வண்டிக்காரர் தன் அளவில்தான் கடைய வேண்டும் என்று நின்றால், அவர் கையாலேயே எழுதி வாங்கி, சுவரில் இருக்கும் ஆணியில் குத்தி வைத்துவிடுவார். அந்த ஆணியில் அன்றைக்கு நாலைந்து சீட்டுகள்தான் இருந்தன. என் கைப்பையில் தேர்வு விடைத்தாளின் கூடுதல் தாள் ஒன்று இருந்தது. அதில் பாதியைக் கிழித்து, எண்ணை எழுதி, அலகையும் எழுதி, பழக்க தோஷத்தில் அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்ததும் உன் அப்பா, "அந்தாள்கிட்ட இவ்ளோ பேசியிருக்க வேணாம்" என்றார். "நீங்க சிரிச்சிருக்க வேணாம்" என்றேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஆறு நாள். சத்தமே இல்லை, தையல் மெஷின் மாதிரி இருக்கிறது என்று உன் அப்பாவே சொன்னார். நான் எதுவும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாமல் இருந்ததே ஒரு சொல்லிக் காட்டல்தான், அது அவருக்கும் தெரியும். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் போனார். ஆசிரமத்துப் பக்கத்து நெரிசல் தாண்டி ரோடு காலியானதும் கொஞ்சம் முறுக்கியிருக்கிறார். ஒரு மதில்மேல் மயில் நின்றதையும், "அப்பா மயிலு" என்று நீ கத்தியதையும் நீயே பலரிடம் சொல்லியிருக்கிறாய். அடுத்த நொடி வண்டி கீழே கிடந்தது. நீ ரோட்டோரத்து மணலில் விழுந்தாய், புருவத்தில் ஒரு கிழிசலோடு தப்பினாய். அவர் தலை தார் ரோட்டில் பட்டது. ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியின் வராந்தாவில் உன்னிடம் யாரோ என்ன நடந்தது என்று கேட்டார்கள். "நான்தான் ஹாண்டில புடிச்சி இழுத்துட்டேன்" என்றாய். அதைக் கேட்டவர்கள் யாரும் உன்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து தலையைத் தடவினார்கள். "கொழந்த, அதுக்கு இன்னா தெரியும் பாவம்" என்றார்கள். திட்டியிருந்தால்கூட நீ மறுத்துப் பேசியிருப்பாய். தடவித் தடவியே அதை உன்மேல் எழுதிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே அவரை வேலூருக்குக் கொண்டுபோனோம். பதினோரு நாள் இருந்தார். நாலாம் நாள் கொஞ்சம் பேச்சு வந்தது. நீ எங்கே என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். "இன்னா சொல்றான்?" என்றார். ஹாண்டிலைத் தான் இழுத்துவிட்டதாகச் சொல்லி அழுகிறான் என்றேன். அவருக்குத் தலையை அசைக்க முடியாது, கையை அசைத்தார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "இல்ல, இல்ல. பின் சக்கரம் புடிச்சிக்கிச்சி. வண்டி நின்னுபோச்சி. அதுக்கு அப்புறம்தான் அவன் பயந்து ஹாண்டில புடிச்சான். அவன் ஒண்ணும் பண்ணல. அவன்கிட்ட சொல்லிடு." சொல்கிறேன் என்றேன். "இன்னிக்கே சொல்லு" என்றார். சரி என்றேன்.

இதுதான் அருண். இதை எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்தேன். இதற்கு முன்னால் எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியது. உன் அப்பா உனக்குச் சொல்லி அனுப்பிய ஒரே ஒரு செய்தி அது. அதை நான் பதினெட்டு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் கரீம் பாய் வீட்டுக்கு வந்தார். வண்டியை அவர் ஷெட்டில்தான் போட்டிருந்தார்கள். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். பிஸ்டன். "கிக்கர் எறங்கல மேடம். தொறந்து பாத்தேன். பாருங்க, நாலு பக்கமும் கீறியிருக்கு." ஆயில் கம்மியாகக் கலந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ஆயில் கம்மின்னா இப்படி நாலு மூலையிலயும் சமமா வராது மேடம். ஊதறதுக்கு எடம் இல்லாம சொவத்த அப்பிக்கினு நின்னிருக்கு. பிஸ்டன் நின்னா பின் சக்கரமும் நின்னுடும்." பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து பிஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆறுமுகம் குடுத்தனுப்பினாரு. யாருக்கும் காட்டலயாம். உங்ககிட்டயே இருக்கட்டும்னாரு. அவரும் ஒடைஞ்சிப்போய் இருக்காரு, எழுதிக் குடுத்தாலும் நான் கடைஞ்சிருக்கக் கூடாது பாய்னு சொல்றாரு." வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "புள்ள ஷெட்டுக்கு வந்துச்சி மேடம். வண்டியத் தொட்டுப் பாத்துட்டு, நான் இழுத்ததுல ஒடைஞ்சிடுச்சான்னு கேக்குது. சொல்லிடுங்க மேடம். சின்னப் புள்ள." சொல்கிறேன் என்றேன். அவரிடமும்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்றேன். பின் சக்கரம் ஏன் பிடித்துக்கொண்டது என்று அடுத்த கேள்வி கேட்பாய், அதற்கடுத்த கேள்வி இந்தச் சீட்டில் வந்து நிற்கும் என்பதுதான் நிஜம். உன்னையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன். பிறகு என் படிப்பு எனக்கு ஒத்தாசைக்கு வந்தது. ஒரே ஒரு பிஸ்டனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கு நானே வாதாடினேன். கார்புரேட்டரில் அடைப்பு இருந்திருக்கலாம், புது என்ஜினை அவர் அவ்வளவு முறுக்கியிருக்கக் கூடாது, எவ்வளவோ இருக்கலாம். சந்தேகப்படுவது நேர்மையான குணம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதற்குள் பதுங்கிக்கொள்ளவும் முடியும் என்பதை என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

நீ ஆட்டோவில் உட்கார்ந்தால் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாய். பஸ்ஸிலும் அப்படித்தான். எட்டாவது படிக்கும்வரை அது போகவில்லை. எத்தனை அடக்கமான பிள்ளை என்று உறவுக்காரர்கள் உன்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை அதட்டினார்கள். அந்தக் கைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சைக்கிள் கற்றுக்கொண்டபோது கேரியரில் யாரையும் ஏற்ற மாட்டேன் என்றாய். காலேஜில் நண்பர்களின் பைக்கில் பின்னால்கூட உட்காராமல் நடந்தே போனாய் என்று உன் நண்பன் ஒருவன் கேலியாகச் சொன்னபோது, உடம்புக்கு நல்லதுதானே என்றேன். இப்போது நீ அந்த வண்டியையே எடுத்துச் செய்கிறாய். உன் சம்பளத்துக்கு எந்தப் புது வண்டியும் வாங்கலாம். ஓட வைத்துக் காட்டிவிட்டால் யாரோ உன்னை மன்னித்துவிடுவார்கள் என்பது போல அதோடு மல்லுக்கட்டுகிறாய். உன்னை மன்னிக்க யாரும் இல்லை. மன்னிக்க எதுவும் இல்லை.

ஆறுமுகம் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். கரீம் பாய் போன வருஷம் இறந்தார். துக்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எனக்குள் ஏதோ லேசானது. இனி இது தெரிந்தவள் இந்த ஊரில் நான் மட்டும்தான் என்ற நிம்மதி அது என்று தெருமுனைக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது. ஒரு நல்ல மனிதரின் சாவில் எனக்குக் கிடைத்தது அதுதான். என்னைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எந்தப் பிஸ்டனை வேண்டுமானாலும் போடு. பழைய கம்பெனிச் சரக்கைப் போட்டால் அப்பாவின் வண்டி அப்படியே திரும்பி வரும் என்று உனக்குத் தோன்றினால், வராது. கடைகிறவர் சிலிண்டரைப் பார்த்துவிட்டு, கீறல் ஆழமில்லை, மூன்றாவது அளவிலேயே சுத்தமாகிவிடும் என்றால் புதியதையே போடு. ஸ்லீவ்தான் இறக்க வேண்டும் என்றால் அப்போது பழையதைப் பற்றி யோசி. எதுவானாலும் பிஸ்டனை முதலில் அவர் கையில் கொடு. அதை அளந்துவிட்டு, அதற்கேற்றபடி துளையைக் கடையட்டும். எவ்வளவு இடைவெளி என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேள். கேட்பது தப்பே இல்லை. அவர் சொல்வது உனக்குப் பிடிக்காத விதத்தில் வந்தாலும், சோற்றையோ சாம்பாரையோ வைத்துச் சொன்னாலும், முழுவதையும் கேட்டு முடி. எந்தச் சீட்டும் எழுதிக் கொடுக்காதே. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு முறுக்காதே, பின்னால் யாரையும் ஏற்றாதே. என்றைக்கும் இடக்கையின் இரண்டு விரல் கிளட்ச்மேல் இருக்கட்டும். சக்கரம் பிடித்தால் அதை அழுத்தினால் போதும், விட்டுவிடும்.

கல்யாணத்துக்கென்று உனக்குச் சொல்ல வேறொன்றும் என்னிடம் இல்லை. உன் அப்பாவிடம் நான் ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதில்லை. திவ்யாவிடம் நீ அதை முதல் வாரத்திலேயே சொல்லிப் பழகு. இந்தக் கடிதத்தை அவளுக்கும் காட்டு. உன்னைப் பற்றிய இந்த உண்மை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். தையில் மணவறையில் நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டுமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போன் செய்து சொல்ல வேண்டாம். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கடிதத்தோடு அந்தப் பிஸ்கட் டப்பாவையும் பார்சலில் அனுப்புகிறேன். சீட்டும் உள்ளே இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும், உன் மதிப்பெண் அட்டைகளில் பார்த்திருக்கிறாய். பிஸ்டனை வெளியே எடு. துடைக்காமல் அப்படியே விரலை வைத்துத் தடவிப் பார். நாலு பக்கமும், மேலிருந்து கீழாக, நேர்க்கோடு போல கீறல்கள் இருக்கும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்.

ஏழு வயதுப் பிள்ளை ஹாண்டிலைப் பிடித்து இழுத்தால் பிஸ்டனில் இப்படிக் கீறல் விழாது.

அம்மா